பில் குறைந்த மாதத்தில் போட்ட லீசிங்

கேள்வி: சுன்னாகத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு சிறிய மில் வைத்திருக்கிறேன். மிளகாய்த்தூள், அரிசிமா அரைத்துக் கொடுப்பேன். 2024 கடைசியில் மில்லின் கரண்ட் பில் மாதம் 45,000 ரூபாய் வந்தது. 2025 ஜனவரியில் கட்டணம் குறைந்து 31,500 ஆனது. அந்த நேரம் கணவரின் தம்பி ஓட்டோ எடுக்க லீசிங் போட்டுத் தரச் சொன்னார். மாதம் 11,800 ரூபாய், நாலு வருடம். கரண்டில்தான் மிச்சம் வருகிறதே என்று என் பெயரிலேயே போட்டேன். ஜூனில் கட்டணம் ஏறி இப்போது 36,200 வருகிறது. இரண்டு மாதப் பில் கட்ட முடியாமல் துண்டிப்பு அறிவித்தல் வந்து, சங்கிலியை 80,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன். வட்டி மாதம் 1,200. கட்டணம் இனிக் குறையுமா? ஒன்பது லட்சம் ரூபாய் வங்கிக் கடனில் 5 கிலோவாட் சோலார் போட்டால் பில் தொல்லையே இருக்காது என்று ஒரு முகவர் சொல்கிறார். போடலாமா?

பதில்: சகோதரி, கட்டணம் இனிக் குறையுமா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். குறையலாம், ஏறலாம். உங்களை அடகுக் கடைக்கு அனுப்பியது கரண்ட் பில் இல்லை. இன்றைக்கும் உங்கள் பில் 2024இல் கட்டியதைவிட 8,800 ரூபாய் குறைவு. அந்த 45,000ஐ நீங்கள் நகை வைக்காமல் கட்டி வந்திருக்கிறீர்கள். இப்போது 36,200ஐக் கட்ட முடியவில்லை என்றால், இடையில் வந்தது எது என்று பாருங்கள். ஜனவரியில் மிச்சமான 13,500ஐ நம்பி 11,800க்குக் கையெழுத்து வைத்தீர்கள். ஜூனில் மிச்சம் 8,800 ஆகச் சுருங்கியது, தவணை சுருங்கவில்லை. மாதம் 3,000 ரூபாய் துண்டு. ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் லீசிங்கை முதலில் கட்டி, பில்லைத் தள்ளியிருப்பீர்கள். அங்கேதான் சங்கிலி போனது.

கட்டணம் குறைந்ததைச் சம்பள உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டதுதான் தவறு. அது ஏன் அப்படி இல்லை என்பதைச் சொல்லவேண்டும்.

மின்சார சபை அடுத்து வரும் மாதங்களுக்கு ஒரு மதிப்பீடு போடுகிறது. மழை எவ்வளவு பெய்யும், நீர்த்தேக்கங்களிலிருந்து எத்தனை அலகு வரும், நுரைச்சோலைக்கு நிலக்கரி என்ன விலைக்கு வரும், மிச்சத்துக்கு எவ்வளவு எண்ணெய் எரிக்கவேண்டும் என்பதுதான் அதில் பெரிய பகுதி. காசல்ரீயிலும் விக்டோரியாவிலும் தண்ணீர் நிறைந்திருந்தால் எரிபொருள் செலவு இல்லாத கரண்ட். தண்ணீர் இறங்கினால் எண்ணெய். உங்கள் ஊரிலேயே 24 மெகாவாட் உத்துரு ஜனனி நிலையம் உலை எண்ணெயில் ஓடக் கட்டப்பட்டதுதானே. இந்த மதிப்பீட்டைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பார்த்து, மக்களின் கருத்தையும் கேட்டு, கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. மதிப்பீடு பிழைத்து, வசூலான காசுக்கும் உண்மைச் செலவுக்கும் வித்தியாசம் வந்தால் அது காணாமல் போவதில்லை. கணக்கில் நின்று, அடுத்த திருத்தத்தில் கழிவாகவோ ஏற்றமாகவோ திரும்பி வரும்.

2025இல் நடந்தது இதுதான். ஜனவரியில் கட்டணத்தை மாற்றவேண்டாம் என்றே சபை கேட்டது. ஆணைக்குழு சராசரியாக 20 சதவீதம் குறைத்தது. உங்களைப் போன்ற தொழில் இணைப்புகளுக்கு 30 வரை. முந்தைய வருடத்தில் சபையிடம் சேர்ந்த மிகை அந்தக் குறைப்பைத் தாங்கும் என்பது கணக்கு. ஆனால் முதல் காலாண்டிலேயே சபை மீண்டும் நட்டத்துக்குப் போனது. செலவை ஈடுகட்டும் கட்டணம் வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும்கூட. ஜூனில் சபை 18.3 சதவீதம் கேட்க, ஆணைக்குழு 15 கொடுத்தது. ஒக்டோபரில் சபை இன்னொரு 6.8 கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது. ஜனவரியில் உங்கள் கைக்கு வந்ததில் ஒரு பகுதி, திரும்பிப் போகவேண்டிய காசு.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 2022 ஜூலையில் ஒருவர் கட்டியது 100 ரூபாய் என்று வையுங்கள். ஒன்பது வருடமாக ஏறாமல் இருந்த கட்டணம் அந்த ஆகஸ்டில் 75 சதவீதம் ஏறியது: 175. 2023 பெப்ரவரியில் 66: கிட்டத்தட்ட 290. ஜூலையில் 14.2 குறைந்து 249. வரட்சி வந்து ஒக்டோபரில் 18 ஏறி 294. 2024 மார்ச்சில் 21.9 குறைந்து 230, ஜூலையில் 22.5 குறைந்து 178. 2025 ஜனவரியில் 142, ஜூனில் 164. இவை சராசரிகள், ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்சம் வேறுபடும். ஆனால் மூன்று வருடத்தில் எட்டுத் தடவை மாறிய ஒன்றின் மேல் 48 மாதம் அசையாத தவணையை ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

சரி, சோலார். இதில் எனக்குப் பொறுமை குறைவு, மன்னிக்கவேண்டும். கூரையில் வரும் கரண்டைச் சபைக்கு விற்று அலகுக்கு 37 ரூபாய் வாங்குகிற ஒருவரை முகவர் உங்களுக்குக் காட்டியிருப்பார். அது 2022இல் அறிவித்த விலையில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு. 2024இல் அது 27 ஆனது. 2025இல் 5 கிலோவாட் வரைக்கும் 20.90. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு அலகு என்று தாராளமாகவே வைத்தால் உங்களுக்கு மாதம் 600 அலகு. முழுவதையும் விற்றால் சுமார் 12,500 ரூபாய். ஒன்பது லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டினால் தவணை 20,000. மாதம் 7,500 கையிலிருந்து போகும், ஐந்து வருடத்துக்கு. நீங்களே பாவித்துப் பில்லில் கழிக்கலாமே என்பார். அந்தக் கணக்கு 180 அலகுக்கு மேல் ஓடுகிற வீடுகளுக்கு நன்றாக வரும், ஏனென்றால் அவர்கள் கட்டுகிற கடைசி அலகுகள் மிக விலை கூடியவை. சிறு மில்லுக்கு விதித்திருக்கும் அலகு விலை அவ்வளவு உயரம் இல்லை. கடனில்லாமல் போடக் காசு சேர்ந்தால் அப்போது கதைப்போம். 3,000 ரூபாய் துண்டு விழுகிற வீட்டில் இன்னொரு தவணை வேண்டவே வேண்டாம்.

இப்போது ஓட்டோ. மச்சானோடு இதைக் கதைப்பது கஷ்டம் என்று தெரியும்; கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு குறையும் எழுதாமல் விட்டதிலேயே தெரிகிறது. ஆனால் அந்த ஓட்டோ தினமும் உழைக்கிறது, உழைப்பு அவர் கைக்குப் போகிறது, தவணை உங்கள் மில்லிலிருந்து போகிறது. 11,800 என்பது நாளுக்கு 400 ரூபாய்கூட இல்லை. ஒவ்வொரு இரவும் ஓட்டோவை விடும்போது 400 ரூபாயை உங்கள் கணவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், அண்ணன் கேட்கட்டும். இரண்டு மாதம் பாருங்கள். காசு வராவிட்டால் ஓட்டோவை விற்று லீசிங்கை முடிக்கவேண்டியதுதான். தவணை தவறினால் வருவது உங்கள் பெயருக்குத்தான்.

அந்த 11,800 விடுபட்டால் துண்டு போய் 8,800 மிஞ்சும். அடகு வட்டி 1,200 அதில் அடங்கிவிடும். ஒரு 5,000ஐ அடகின் முதலுக்குக் கட்டுங்கள், 16 மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வரும். மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சத்தை பில்லுக்கென்று தனிச் சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். இனிக் கட்டணம் குறைகிற மாதங்களில் குறைகிற அவ்வளவு காசும் அந்தப் புத்தகத்துக்கே போகவேண்டும். வீட்டுச் செலவுக்கு எடுக்கக்கூடாது. ஒரு மாதப் பில் அளவுக்கு அதில் சேர்ந்துவிட்டால் அடுத்த ஏற்றம் உங்களை ஆட்டாது.

இன்னொன்று. சபை தன் எரிபொருள் செலவு ஏறினால் ஆணைக்குழுவிடம் போய் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் அரைப்புக் கூலியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஜூன் ஏற்றத்தால் உங்களுக்குக் கூடியது 4,700 ரூபாய். மாதம் 2,000 கிலோ அரைக்கிறீர்கள் என்று வைத்தால் கிலோவுக்கு 2 ரூபாய் 35 சதம். மூன்று ரூபாய் கூட்டினால் வாடிக்கையாளர் ஓடிவிடமாட்டார்கள். இரண்டு கிலோ மிளகாய் கொண்டுவருகிற அம்மாவுக்கு அது ஆறு ரூபாய். மில் வாசலில் எழுதிப் போடுங்கள். கட்டணம் குறைந்தால் கூலியையும் குறைப்பேன் என்று அதே பலகையில் எழுதுங்கள், குறையும்போது குறைத்தும் விடுங்கள்.

மச்சானோடு கதைக்க முன்னர் லீசிங் நிறுவனத்துக்குப் போய், இன்றைய திகதியில் கணக்கை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்லும் தொகையை எடுத்துக்கொள்ளவேண்டாம். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தத் தாளோடு இன்னொரு கடிதம் போடுங்கள், விற்பதா வைத்திருப்பதா என்று அப்போது சரியாகக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.