கிளை நூலகம் தொடங்கிய ஆண்டைத் தேடுபவருக்கு

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் உங்கள் கிளை நூலகம் எந்த ஆண்டு தொடங்கியது என்று தெரியவேண்டும், கல்வெட்டும் இல்லை என்கிறீர்கள். சரி, முதலில் அலமாரியில் இருப்பதிலேயே பழைய புத்தகங்களைப் புரட்டுங்கள். நூலக முத்திரைக்குள், புத்தகம் நூலகத்தில் சேர்ந்த வரிசை எண்ணும் பெரும்பாலும் தேதியும் இருக்கும். சிறிய எண் என்றால் முதலில் சேர்ந்த புத்தகம், அதனால் சிறிய எண்ணாகத் தேடுங்கள். ஆனால் வேறு கிளையிலிருந்து மாறிவந்த புத்தகமும் கலந்திருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம், மாநகராட்சியில் அலையவேண்டாம். சொத்துவரியோடு நூலக வரியை வசூலிப்பது அவர்கள் என்றாலும், கிளைகளை நடத்துவது மாவட்ட நூலக ஆணைக்குழுதான். இந்த ஆணைக்குழுவுக்கு அடிப்படையான நூலகச் சட்டமே 1948இல்தான் வந்தது, அதனால் அவர்களுடைய பதிவுகளும் அதற்குப் பிறகுதான் இருக்கும். ஆணைக்குழுவுக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். 'வரலாறு வேண்டும்' என்று மட்டும் கேட்காதீர்கள். தொடக்க ஆணையின் நகல், நூல் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கம் என்று குறிப்பாகக் கேளுங்கள்.