கோச் நிலைப்பாரா, போவாரா? தேதியைப் பாருங்கள்

கேள்வி: ஓஹையோ மாநிலம் கொலம்பஸில் வேலை பார்க்கிறேன். கல்லூரி ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்ததே இங்கே வந்த பிறகுதான். ஆபீசில் பாதிப் பேருக்கு ஓஹையோ ஸ்டேட் என்றால் உயிர். ஒரே ஒருவர் மட்டும் மிச்சிகன். மதியம் சாப்பிட உட்கார்ந்தாலே வாக்குவாதம்தான். “பச்சை குத்திக்கொண்ட சின்ன விஷயத்துக்கு எங்கள் கோச் ஜிம் ட்ரெஸ்ஸலை அனுப்பிவிட்டார்கள். எதிரணியின் சைகையைத் திருடிய மிச்சிகனின் கோச் ஜிம் ஹார்பா மட்டும் கோப்பையோடு போனாரே!” என்று இவர்கள். “சைகையை எல்லோரும்தான் பார்க்கிறார்கள்” என்று அவர். யார் சொல்வது சரி? அடுத்து இப்படி ஒரு விதிமீறல் விவகாரம் வந்தால் கோச் நிலைப்பாரா என்று எதை வைத்துக் கணிப்பது? கூடவே ஒரு பந்தயம்: 2010-இல் ஓஹையோ ஸ்டேட் பெற்ற வெற்றிகளை ரத்து செய்தார்களே, அப்படியானால் அந்த வருடம் மிச்சிகன் ஜெயித்ததாகக் கணக்கு என்கிறார் மிச்சிகன் நண்பர், சரியா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். ட்ரெஸ்ஸலின் வேலை போனது பச்சை குத்திய விஷயத்தால் அல்ல. பச்சை குத்திக்கொண்டவர்கள் ஆட்டக்காரர்கள். குவார்ட்டர்பேக் டெரல் ப்ரையர் உட்பட ஐந்து பேருக்கு அதற்காகத் தலா ஐந்து ஆட்டத் தடை கிடைத்தது. கோச் போனது, தன் மின்னஞ்சல் பெட்டிக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றி ஒன்பது மாதம் வாய் திறக்காமல் இருந்ததற்காக. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை உங்கள் மதியச் சண்டை தீராது.

ஆட்டக்காரர்கள் விற்றது என்ன என்று தெரிந்தால் கொலம்பஸ்காரர்களுக்கு ஏன் அத்தனை வலித்தது என்பதும் புரியும். மிச்சிகனை ஜெயிக்கும் ஒவ்வொரு வருடமும் ஓஹையோ ஸ்டேட் அணியினருக்கு ஒரு குட்டித் தங்கக் கால்சட்டை கொடுப்பார்கள். சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்ளும் அளவுதான் இருக்கும். அதில் ஆட்டக்காரரின் பெயரெழுத்துகளும் தேதியும் ஸ்கோரும் பொறித்திருக்கும். 1934-இல் புதிதாக வந்த கோச் ஃபிரான்சிஸ் ஷ்மிட், மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள் என்று சொன்னதிலிருந்து வந்த வழக்கம் அது. அந்தக் கால்சட்டையும், பிக் டென் (இரு அணிகளும் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பு) சாம்பியன் மோதிரமும், ஜெர்சியும் ஒரு பச்சை குத்தும் கடைக்காரரிடம் போயின. பதிலுக்குக் காசு வந்தது, பச்சை குத்துவதில் சலுகை கிடைத்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ கறாராக இருந்த காலம். 2021 ஜூலை 1 முதல் அந்தக் கட்டு தளர்ந்துவிட்டது. இன்று ஒரு பச்சை குத்தும் கடை ஆட்டக்காரரை வைத்து விளம்பரம் செய்து வெளிப்படையாகவே பணம் கொடுக்கலாம். “இன்றைக்கு நடந்திருந்தால் ட்ரெஸ்ஸல் தப்பியிருப்பார்” என்று உங்கள் நண்பர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் கோச் செய்தது இன்றும் குற்றமே.

இனி தேதிகளுக்கு வருவோம். 2010 ஏப்ரல் 2: கொலம்பஸ் வழக்கறிஞர் ஒருவர், முன்னாள் ஓஹையோ ஸ்டேட் ஆட்டக்காரர், ட்ரெஸ்ஸலுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். அந்தக் கடைக்காரரைக் கூட்டாட்சி அதிகாரிகள் விசாரிக்கிறார்கள், உங்கள் பையன்களின் பொருள்கள் அவரிடம் இருக்கின்றன என்று தகவல். இப்படி ஒன்று வந்தால் கோச் செய்ய வேண்டியது ஒரே வேலைதான்: பல்கலைக்கழகத்தின் விதிக் கண்காணிப்பு அலுவலகத்துக்குச் சொல்வது. அவர் சொல்லவில்லை. 2010 செப்டம்பர்: விதிமீறல் எதுவும் எனக்குத் தெரியாது என்று ஒவ்வொரு கோச்சும் வருடாவருடம் போடும் கையெழுத்தை அவரும் போடுகிறார். டிசம்பர்: விஷயம் வேறு வழியில் வெளியே வருகிறது. பல்கலைக்கழகம் விசாரிக்கிறது. அப்போதும் மின்னஞ்சல் பற்றிப் பேச்சில்லை. அதே ஆட்டக்காரர்கள் 2011 ஜனவரி 4 அன்று சுகர் பவுல் என்ற சீசன் இறுதிப் பெரிய ஆட்டத்தில் இறங்கி ஆர்கன்சாவை 31-26 என்று ஜெயிக்கிறார்கள். அதே ஜனவரியில் பல்கலைக்கழகம் வேறொரு சட்ட விஷயத்துக்காகக் கோப்புகளைப் புரட்டும்போது அந்த மின்னஞ்சல்கள் அகப்படுகின்றன.

கூட்டாட்சி விசாரணை நடக்கிறது, ரகசியம் காக்கச் சொன்னார்கள், அதனால் யாரிடமும் பேசவில்லை என்பது ட்ரெஸ்ஸலின் விளக்கம். பல ரசிகர்கள் இதை நம்பினார்கள். ஆனால் தகவலை ப்ரையரின் சொந்த ஊரில் இருந்த அவருடைய வழிகாட்டிக்கு ட்ரெஸ்ஸல் அனுப்பியிருந்தார் என்பது சில வாரத்திலேயே வெளியானது. கண்காணிப்பு அலுவலகத்துக்குச் சொல்லக் கூடாத ரகசியத்தை ஊரில் இருக்கும் ஒருவருக்குச் சொல்லலாம் என்றால் அந்த வாதம் எப்படி நிற்கும்? என்னைக் கேட்டால், அவரைக் காப்பாற்ற வழியில்லாமல் போனது அந்த இடத்தில்தான்.

2011 மார்ச் 8 அன்று பத்திரிகையாளர் சந்திப்பில் பல்கலைக்கழகத் தலைவர் கார்டன் ஜீயும் விளையாட்டு இயக்குநர் ஜீன் ஸ்மித்தும் கோச்சுக்குத் துணையாக நின்றார்கள். தண்டனை இரண்டு ஆட்டத் தடை, 2,50,000 டாலர் அபராதம். கோச்சை நீக்குவீர்களா என்று கேட்டபோது, அவர் என்னை நீக்காமல் இருந்தால் சரி என்று ஜீ சொன்னது அந்த மாநிலத்தில் இன்றும் பேச்சு. அவர் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது: பத்து வருடத்தில் 106 வெற்றி, 22 தோல்வி, 2002 சீசனின் தேசிய சாம்பியன் பட்டம், மிச்சிகனுக்கு எதிராக 9-1. பத்து நாளுக்குள் இரண்டு ஆட்டத் தடை ஐந்தாகியது. மே 30 அன்று ட்ரெஸ்ஸல் ராஜினாமா செய்தார். சந்திப்பு நடந்து பன்னிரண்டு வாரம்.

ஏன் மே 30? என்சிஏஏ-வின் குற்றச்சாட்டு அறிவிப்பு ஏப்ரலில் வந்தது. அதில் நேர்மையற்ற நடத்தை பற்றிய விதி 10.1-இன் கீழ் கோச்சின் பெயர் இருந்தது. பல்கலைக்கழகத்தின் மேல் அப்போது கண்காணிப்புத் தவறு என்ற குற்றச்சாட்டு இல்லை. பதில் ஜூலைத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டும், விசாரணை ஆகஸ்ட் 12. அதாவது கோச்சின் நலனும் பல்கலைக்கழகத்தின் நலனும் ஏப்ரலிலேயே வெவ்வேறு பாதையில் போய்விட்டன. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு “நாங்கள் சுத்தம்” என்று பதில் எழுத முடியாது.

இப்போது ஹார்பா. அடுத்து என்ன உத்தி ஆட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் ஓரத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்குக் காட்டுவதுதான் சைகை. சைகையைக் களத்தில் நின்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது விதிக்கு உட்பட்டதுதான். உங்கள் மிச்சிகன் நண்பர் அதுவரைக்கும் சரி. விதி தடுப்பது வேறொன்றை: இந்த சீசனில் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி வேவு பார்ப்பதை. 1994-இலிருந்து இருக்கும் தடை இது. மிச்சிகன் ஊழியர் கானர் ஸ்டாலியன்ஸ் பல ஊர்களுக்கு டிக்கெட் வாங்கி ஆள் அனுப்பினார். போனவர்கள் எதிரணிப் பயிற்சியாளர்கள் நிற்கும் ஓரத்தைக் கைபேசியில் படம்பிடித்தார்கள். அந்தப் படத்தையும் ஆட்டத்தின் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தச் சைகைக்கு எந்த உத்தி என்று அகராதி போடலாம். 2024 சீசனில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ அனுமதிக்கப்பட்டது. அதன் பிறகு சைகைக்கு அவ்வளவு மதிப்பில்லை.

விவகாரம் 2023 அக்டோபரில் வெடித்தது. நவம்பர் 10 அன்று பிக் டென் அமைப்பு ஹார்பாவுக்கு மூன்று ஆட்டத் தடை போட்டது. ஆனால் அந்தக் கடிதத்திலேயே, ஹார்பாவுக்கு விஷயம் தெரியும் என்று காட்டும் தகவல் எதுவும் இதுவரை வரவில்லை என்று எழுதியிருந்தது. ட்ரெஸ்ஸலுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த வரிதான். ஒருவருக்கு எதிராக அவருடைய மின்னஞ்சலும் கையெழுத்தும் இருந்தன. மற்றவருக்கு எதிராக அந்த நேரத்தில் அப்படி ஒரு காகிதம் கையில் இல்லை. மிச்சிகன் 15-0 என்று முடித்தது. 2024 ஜனவரி 8 அன்று கோப்பைக்கான ஆட்டத்தில் வாஷிங்டனை 34-13 என்று வென்றது. அதே மாதம் ஹார்பா தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். என்சிஏஏ-வின் ஆணை அங்கே செல்லாது.

ஆக அவர் தப்பியது நிரபராதி என்பதால் அல்ல. தீர்ப்பு வருவதற்குள் போய்விட்டார், அவ்வளவுதான். அவர் மீதான முதல் வழக்கு கோவிட் காலத் தடையை மீறி, அணியில் சேர்க்க நினைத்த மாணவர்களைச் சந்தித்தது பற்றியது. பர்கர் வாங்கிக் கொடுத்த கதை என்று ரசிகர்கள் ஒதுக்கினார்களே, அது. சந்திப்பைவிட, விசாரணையாளர்களிடம் உண்மையைச் சொல்லாததே பெரிய குற்றமாக ஆனது. 2024 ஆகஸ்டில் நான்கு வருட ஷோ-காஸ் ஆணை (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). சைகை வழக்கில் 2025 ஆகஸ்ட் 15 அன்று, முதல் ஆணை முடியும் 2028-இல் தொடங்கி இன்னும் பத்து வருடம். அவருக்குப் பின் கோச் ஆன ஷெரோன் மூர், செய்தி வெடித்த அன்று ஸ்டாலியன்ஸுடன் பேசிய 52 குறுஞ்செய்திகளை அழித்திருந்தார். அவை மீட்கப்பட்டன. அவருக்கு இரண்டு வருட ஷோ-காஸும் ஆட்டத் தடையும்.

ஷோ-காஸ் என்பதை ரசிகர்கள் “தடை” என்று சொல்லிவிடுகிறார்கள். சரியாகச் சொன்னால் அது கோச்சை வேலைக்கு எடுக்கும் கல்லூரிக்குப் போடும் முட்டுக்கட்டை. கோச் மேலுள்ள கட்டுப்பாடுகளை அந்தக் கல்லூரி தானே அமல்படுத்த வேண்டும். முடியாது என்றால் எங்களை ஏன் தண்டிக்கக் கூடாது என்று என்சிஏஏ-வின் விதிமீறல் குழுவின் முன் வந்து காரணம் காட்ட வேண்டும். அதனால் பெரும்பாலும் எவரும் எடுப்பதில்லை. ட்ரெஸ்ஸலுக்கு 2016 டிசம்பர் வரை ஐந்து வருடம். ஆனால் ஆணை விளையாட்டு சார்ந்த வேலைக்குத்தான். அது நடப்பில் இருந்தபோதே 2014-இல் அவர் யங்ஸ்டவுன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 2025-இல் ஓஹையோவின் துணை ஆளுநரும் ஆனார்.

அடுத்த விவகாரத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். குற்றச்சாட்டு அறிவிப்பு வெளியாகும் வரை யார் சொல்வதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். வெளியானதும் கோச்சின் பெயர் எந்த விதியின் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 11.1.1.1 மட்டும் இருந்தால், ஊழியர் செய்ததற்கு அவரைப் பொறுப்பாக்குகிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பொறுப்பு தானாகவே வந்து விழும், எனக்குத் தெரியாது என்று தப்ப முடியாது. இது பெரும்பாலும் சில ஆட்டத் தடையோடு முடியும். 10.1 இருந்தால், பொய் சொன்னார் அல்லது மறைத்தார் என்று அர்த்தம். வீட்டுச் சாமான் கட்ட வேண்டியதுதான். பதில் கொடுக்கத் தொண்ணூறு நாள். முடிவு பெரும்பாலும் அதற்குள் வரும். “முழு ஆதரவு” என்ற அறிக்கைக்கு மதிப்பில்லை. கோச்சுக்குப் பல்கலைக்கழகம் தானே போட்ட தடை திடீரென்று கூடினால் அதற்கு மதிப்பு உண்டு.

பிறகு ஒப்பந்தம். ரசிகர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். தோற்கிறார் என்று மட்டும் சொல்லி நீக்கினால் மிச்சச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுக்க வேண்டும். 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது பாக்கி சுமார் 7.6 கோடி டாலர். விதிமீறல் காரணம் காட்டி நீக்கினால் அந்தப் பாக்கி இல்லை. டென்னசி பல்கலைக்கழகம் 2020-இல் 3 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தது. 2021 ஜனவரியில் கோச் ஜெரமி ப்ரூயிட்டை விதிமீறலுக்காக நீக்கியது. 1.26 கோடி டாலர் பாக்கி கொடுக்கவில்லை. 2023 ஜூலைத் தீர்ப்பில் 200-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள், ப்ரூயிட்டுக்கு ஆறு வருட ஷோ-காஸ். விசாரணைக்கு ஒத்துழைத்த டென்னசிக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம், ஆனால் பவுல் ஆட்டத் தடை இல்லை. தோற்கும் கோச்சின் கோப்பில் விதிமீறல் கிடைத்தால் பல்கலைக்கழகம் அதை விடாது. ஜெயிக்கும் கோச்சுக்காக அதே பல்கலைக்கழகம் நீதிமன்றப் படி ஏறும், 2023 நவம்பரில் மிச்சிகன் ஏறியது போல.

இந்த வாக்குவாதத்தில் யாரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. ட்ரெஸ்ஸல் வழக்கில் தண்டனையாக மூன்று வருடத்தில் ஒன்பது உதவித்தொகை இடங்கள் போயின, 2012-இல் சீசன் முடிவில் ஆடும் பவுல் ஆட்டமும் போனது. அந்த வருடம் புதிய கோச் அர்பன் மேயரின் அணி 12-0. ஒரு ஆட்டமும் தோற்காமல் வீட்டுக்குப் போனார்கள். அதில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் என்ன சம்பந்தம்? மிச்சிகன் வழக்கில் குழு, பவுல் தடைக்கு இடமிருந்தும் இப்போதைய மாணவர்களை வதைக்க வேண்டாம் என்று ஃபுட்பால் பட்ஜெட்டில் பத்து சதவீதத்தையும் கூடுதல் தொகைகளையும் அபராதமாகப் போட்டது. கொலம்பஸ்காரர்களுக்கு இது கசக்கும். ஆனாலும் தண்டிக்கும் முறை அந்தப் பக்கம் திரும்பியது நல்லதே.

பந்தயத்தில் மிச்சிகன் நண்பர் தோற்றார். வெற்றியை “நீக்குவது” வேறு, எதிரணிக்குக் “கொடுப்பது” வேறு. நீக்கினால் ஜெயித்தவரின் கணக்கிலிருந்து மட்டும் போகும். 2010-இல் ஓஹையோ ஸ்டேட்டின் 12-1 என்பது 0-1 ஆனது. 37-7 என்று தோற்ற மிச்சிகனுக்கு அது இன்றும் தோல்விதான். ஆர்கன்சாவுக்கும் அப்படியே. ட்ரெஸ்ஸலின் 9-1 மட்டும் ஏட்டில் 8-1.