கான்செர்டினாவை யாராவது உண்மையாகவே வாசிக்கிறார்களா?

இணையத்தில் கான்செர்டினா என்று தேடினால் வேடிக்கையான படங்களும் கோமாளிக் காணொளிகளுமே வருகின்றன என்றும், இதை யாராவது உண்மையாகவே வாசிக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கான்செர்டினா என்பது, நடுவிலுள்ள துருத்தியை இரு கைகளாலும் அமுக்கியும் இழுத்தும், இரு பக்கப் பொத்தான்களை அழுத்தியும் வாசிக்கும் சிறு இசைப்பெட்டி. உங்கள் கண்ணில் பட்டவை எவையாக இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்து வாசிக்கும் கோமாளியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் குட்டிப் பெட்டியையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குட்டிப் பெட்டி பொம்மை அன்று. உள்ளே ரீடுகள் (காற்றுப் பட்டு அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்) பொருத்தப்பட்டு, சுருதி சேர்த்துச் செய்யப்பட்டது. வாசிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். லண்டனுக்கு வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டு நானும் வாசிக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

அந்தக் கோமாளி அநேகமாகக் குரோக் ஆக இருப்பார். சுவிட்சர்லாந்தில் பிறந்த அட்ரியன் வெட்டாக் (1880–1959) அந்தப் பெயரில்தான் மேடையேறினார். பியானோ தூரத்தில் இருக்கிறது என்று முக்காலியை நகர்த்தாமல், பியானோவையே முக்காலி பக்கம் தள்ளிக்கொண்டு வருபவர் அவர். நாற்காலியின் இருக்கைப் பலகை உடைந்து கால்கள் உள்ளே சிக்கிக்கொள்ள, அங்கிருந்து ஒரே தாவலில் முதுகுச் சட்டத்தின் விளிம்பில் ஏறிக் கால்மேல் கால் போட்டு அமர்வார். சிரித்துவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடாமல், தயவுசெய்து அவர் கான்செர்டினா வாசிக்கும்போது விரல்களைப் பாருங்கள். பல ஆண்டு சாதகம் இல்லாத கை அப்படி ஓடாது.

இணையத்தில் நான் கண்டவற்றுள் மிகவும் விநோதமானது இக்கருவியைப் படைத்தவரைப் பற்றியது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்தவர்கள் மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் சமனச்சுற்றை மறந்திருக்க மாட்டார்கள். அதே சார்லஸ் வீட்ஸ்டன்தான் ஆங்கிலக் கான்செர்டினாவை உருவாக்கியவர். அவர் 1829இல் பெற்ற காப்புரிமையிலேயே அதன் விதை இருக்கிறது, 1844இல் பெற்றது முழு வடிவத்தைத் தந்தது. அந்தச் சமனச்சுற்றை 1833இல் முதலில் விவரித்தவரோ சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி என்பவர். வீட்ஸ்டன் அதைப் பரவச் செய்தார், பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1854இல் அவரே கண்டுபிடித்த மறையெழுத்து முறை, அதை அரசாங்கத்திடம் எடுத்துச்சென்று பரிந்துரைத்த நண்பர் பிளேஃபேரின் பெயரால் வழங்குகிறது. அவர் ஆசையாக வடித்த இசைக்கருவியைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. இது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். இங்குள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் வாசிக்க இசைந்திருந்தேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். மாயாஜால நிகழ்ச்சிக்கும் பரிசுக் குலுக்கலுக்கும் நடுவில் சில நிமிடங்கள் ஒதுக்கி, "அடுத்து, குழந்தைகளுக்காக ஒரு சர்க்கஸ் பெட்டி" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அறிவித்தவரிடம் எனக்குப் பகையில்லை. ஆனால் மாதக்கணக்கில் சாதகம் செய்தவனைப் பற்றி அப்படிச் சொல்வது சரியில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்றை வாசித்தேன். ஐரோப்பிய மெட்டுகளின் சாயலில் சங்கராபரணத்தில் அமைந்த அந்தச் சிறு பாடல்கள் இந்தக் கருவிக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர்; மகன் வீட்டுக்கு வந்திருந்தார். "தம்பி, இதுல ஷட்ஜம் எந்தப் பக்கம் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். இடது கையில் என்றேன். ரிஷபம்? வலது கையில். காந்தாரம் மறுபடி இடது, மத்திமம் வலது. ஸ்வரங்கள் கைக்குக் கை மாறிப் போவதால் வேகமான வரிசைகளை இரண்டு கைகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏழு ஸ்வரங்கள் ஒற்றைப்படை என்பதால் மேல் ஷட்ஜம் வலது கைக்குப் போய்விடும். இதைச் சொன்னதும் அவர் விரல்களால் மேசைமேல் தட்டிப் பார்த்து, மேல் ஷட்ஜத்தில் கை மாறியபோது வாய்விட்டுச் சிரித்தார். அன்று நான் விரும்பிய சிரிப்பு அது ஒன்றுதான்.

"திறந்து காட்டலாமா, ஐயா?" என்று கேட்டு, ஆறு மூலைத் திருகாணிகளையும் கழற்றி அவர் முன் வைத்தேன். பித்தளைச் சட்டங்களில் எஃகு ரீடுகள், மெழுகோ ஆணியோ இன்றிச் சரிவாக வெட்டிய பள்ளங்களில் செருகப்பட்டு, நடுவைச் சுற்றிக் கதிர்களாக விரிந்திருந்தன. துருத்தியை அமுக்கும்போது ஒரு ரீடும் இழுக்கும்போது இன்னொரு ரீடும் ஒலிக்க வேண்டும் என்பதால் 48 பொத்தான்களுக்கு 96 ரீடுகள். "எங்க பெட்டியில இடது கை காத்து அடிக்கும், வலது கை பாடும். இதுல ரெண்டு கையும் ரெண்டு வேலையும் செய்யுதே!" என்றார் அவர். இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

கமகம் (ஸ்வரங்களை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது) வராத பெட்டிக்கு இவ்வளவு பரிந்துபேச வேண்டுமா என்று கருத்துப்பகுதியில் சிலர் கேட்பார்கள். வராதுதான், வரும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இதே குறையைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கி, 30 ஆண்டுகளுக்கு மேல் வெளியிலேயே நிறுத்தியது. நாடக மேடையில் அதன் கட்டைகள் அப்போதும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன.

வேடிக்கையான செய்திகள்தாம் வேண்டும் என்றால் இன்னும் உண்டு. 1902 முதல் 1905 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஆர்தர் பால்ஃபர் கான்செர்டினா வாசிப்பவர். ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஹெடிங்டனில், 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடும் குளிரில் கட்டட வேலை கிடைக்காத தொழிலாளர்கள் சில்லறைக்காகப் பருவம் தப்பி மாரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற நடனம் ஆடினார்கள். அவர்களுக்கு வாசித்த வில்லியம் கிம்பரின் கான்செர்டினாவைக் கேட்டு நின்ற செசில் ஷார்ப், பிற்காலத்தில் இங்கிலாந்தின் நாட்டார் இசையைத் திரட்டுவதில் முன்னோடியானார். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர்களின் நடன இசையிலும் இது உண்டு, சூலு மக்களின் இசையிலும் உண்டு. சூலு வாசிப்பாளர்கள் கடையில் வாங்கிய கருவியின் ரீடுகளைத் தங்கள் காதுக்கு ஏற்பச் சுருதி மாற்றிக்கொள்கிறார்கள்.

நேரம் இருந்தால் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் இணையத்தில் ஏற்றியுள்ள, கான்செர்டினா செய்து விற்ற வீட்ஸ்டன் நிறுவனத்தின் பழைய பேரேடுகளைப் பாருங்கள். கருவியில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு அது எழுதப்பட்ட பக்கத்தைத் தேடலாம். 19ஆம் நூற்றாண்டின் விற்பனைப் பக்கங்களில் வாங்கியவர்களின் பெயர்கூட மைக்கையெழுத்தில் இருக்கிறது, அவர்களில் பிரபுக் குடும்பப் பெண்கள் நிறையப் பேர். வாங்கும் எண்ணம் இருந்தால், அக்கார்டியன் ரீடு வைத்த மலிவுப் பெட்டியைப் பழைய ஆங்கிலக் கான்செர்டினா என்று விற்பவர்கள் உண்டு. உள்பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். தட்டில் மெழுகு வைத்து ஒட்டிய ரீடுகள் தெரிந்தால் வாங்காதீர்கள்.