சிறிய தொண்டு அமைப்புகளுக்குக் கட்டணம் வாங்காமல் உழைக்கும் ஆடிட்டர், வக்கீல் போன்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

பொன்னாடையை விட்டுவிடுங்கள். கணக்குச் சிட்டையை ஒழுங்காக எழுதுங்கள்.

கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பகம் நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரவு, உள்ளூர்க்காரர்களும் வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அனுப்பும் பணம். செலவு, ஆசிரியைகளின் சம்பளம், வாடகை, மின்கட்டணம், பிள்ளைகளுக்குச் சுண்டல். ஆடிட்டர் கட்டணம் என்றொரு வரி எங்கள் செலவுக் கணக்கில் கிடையாது. கேட்டுப் பார்த்தோம், வாங்க மறுத்துவிட்டார்.

"வருஷத்துக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே" என்று எங்கள் அறங்காவலர்களிலேயே ஒருவர் சொன்னதுண்டு. கையெழுத்துக்கு முன்னால் என்னென்ன இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி என்ற இரண்டு பதிவுகளையும் ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்த காலம் 2021 ஏப்ரலோடு முடிந்தது. பழைய பதிவு வைத்திருந்தவர்களும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றாயிற்று. விண்ணப்பிக்கும் கெடு பல தடவை நீண்டது. ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் எங்களுக்குத் தகவல் சொன்னது அரசு இல்லை, ஆடிட்டர்தான். அதே சமயத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்தது. நன்கொடை கொடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் தொகையையும் பான் அல்லது ஆதார் போன்ற ஓர் அடையாள எண்ணோடு சேர்த்து மே 31-க்குள் வருமான வரித் துறையின் படிவம் 10பிடி-யில் ஏற்ற வேண்டும் என்றார்கள். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். எங்கள் சுண்டல் செலவே ஒரு நாளைக்கு அவ்வளவு வராது. இதையெல்லாம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட பிறகு, 2025-இல் வருமான வரிச் சட்டத்தையே புதிதாக இயற்றி, 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்று அறிவித்தார்கள். பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்த நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ஆடிட்டர் புதிய சட்டத்தை வாங்கி, எங்களுக்குப் பொருந்தும் பக்கங்களில் அடையாளத் தாள் செருகி அனுப்பினார்.

எங்கள் கணக்கை அவரே எழுதித் தரலாமே என்று நாங்கள் கேட்காமல் இல்லை. "எழுதுவதும் நான், சரிபார்ப்பதும் நான் என்றால் அது என்ன தணிக்கை, சார்?" என்றார். அதனால் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் மேஜையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடை, ஸ்டேஷனரிக் கடை பில்களில் பாதி இப்போது மழமழப்பான வெப்பக் காகிதத்தில் வருகின்றன. மார்ச்சில் அச்சடித்தது ஆகஸ்டில் வெறும் வெள்ளைத்தாள். அவர் ஒவ்வொரு பில்லையும் விளக்குக்கு நேரே பிடித்து, சாய்த்து, மறைந்துபோன எழுத்தைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து ரூபாய் பில் அது. கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் கடைக்காரர்களின் கோப்புகள் பக்கத்தில் அடுக்கிக் கிடக்க, எங்கள் நாற்பத்தைந்து ரூபாய்க்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பில் கைக்கு வந்ததும் நகல் எடுத்து வவுச்சரோடு ஒட்டிவிடுகிறேன். ஐயாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். (முப்பது வருடம் ஸ்டாம்ப் விற்ற எனக்கே ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லிக்கொடுத்தார் என்று வீட்டில் இன்னமும் சிரிக்கிறார்கள்.)

ஆனால் இலவசமாக வேலை செய்தார் என்பதற்காக மட்டும் நான் அவருக்கு நன்றி சொல்ல மாட்டேன். அவர் எங்களுக்காக ஒரு பகையைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டார், அதற்காகத்தான் சொல்வேன்.

வசதியான ஒருவர் எங்களிடம் வந்தார். பெரிய தொகைக்குச் செக் தருவாராம். நாங்கள் ஐந்து சதவீதம் வைத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம், ரசீது மட்டும் முழுத் தொகைக்கு. அதைக் காட்டி அவர் வரியைக் குறைத்துக்கொள்வார். இப்படி ஒரு வியாபாரம் நடக்கிறது என்பது அறக்கட்டளை நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்து சதவீதத்தில் எங்களுக்குப் பல மாத வாடகை அடங்கிவிடும். கூட்டத்தில் சிலர் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சிறிய ஊரில் இப்படிப்பட்டவரை முகத்துக்கு நேரே மறுப்பதும் லேசான காரியமில்லை. நாளைக்கு அவர் தெருவில்தான் நடக்க வேண்டும், அவர் கடையில்தான் சாமான் வாங்க வேண்டும். ஆடிட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. "ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுங்கள் சார். கோபம் என்மேல் இருக்கட்டும்" என்றார். அப்படியே சொன்னேன். அந்த மனிதர் எங்களோடு இன்றும் சுமுகமாகத்தான் இருக்கிறார். ஆடிட்டரைப் பற்றித்தான் ஊரெல்லாம் குறை சொல்கிறார்.

கட்டணம் வாங்கும் ஆடிட்டரும் மறுத்திருப்பார், நல்லவராக இருந்தால். ஆனால் எங்களிடமிருந்து ஒரு காசுகூட வராத ஒருவர், தனக்கு வாடிக்கையாளராக வரக்கூடிய ஒரு பெரிய மனிதரை எங்களுக்காக இழந்தார். அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

வரிச் சட்டத்திலும் ஏறாது. எங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் அனுப்புகிறவர், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், நன்கொடைக்கான பிரிவின் கீழ் அதில் பாதிக்குக் கழிவு கேட்கலாம். ஆடிட்டரும் வக்கீலும் தரும் நேரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பணமாகத் தந்தால்தான் அந்தப் பிரிவில் நன்கொடை. சரி, ஆண்டு விழா மலரில் அவர் அலுவலகத்துக்கு அரைப்பக்க விளம்பரமாவது போடுவோம் என்றால் அதுவும் லேசில்லை. ஆடிட்டர்கள் தங்கள் தொழிலை விளம்பரப்படுத்திக்கொள்வதற்கு அவர்களுடைய கழகமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதி. எங்கள் வாடகை ஒப்பந்தத்தை எழுதித் தந்து, வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னபோது ஒரே ஒரு கடிதத்தில் அடக்கிய வக்கீலும் இதையேதான் சொன்னார்.

இவர்களோடு இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். படிப்பகத்துக்கு வயரிங் செய்து கொடுத்த எலக்ட்ரீஷியன். சாமான் வாங்கிக் கொடுத்தோம், கூலி வேண்டாம் என்றுவிட்டார். ஆடிட்டர் விட்டுத்தருவது ஒரு மாலைப்பொழுது, எலக்ட்ரீஷியன் விட்டுத்தருவது ஒரு நாள் அடுப்பு எரிவதற்கான காசு. எந்த மேடையிலும் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பொன்னாடை போர்த்திய அமைப்பை நான் பார்த்ததில்லை. 'தொழில் வல்லுநர்' என்ற பட்டியலில் அவரைச் சேர்க்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

எனவே நாங்கள் செய்வது இதுதான். ஆண்டறிக்கையில், நன்கொடைப் பட்டியலுக்கு மேலே, கட்டணமின்றிச் செய்யப்பட்ட வேலைகள் என்று தனியாக எழுதுகிறோம். என்ன வேலை என்பதை விவரமாக எழுதுகிறோம், பெயர் அவரவர் சம்மதித்தால் மட்டும். கோப்புகளை ஜூன் மாதமே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுகிறோம். செப்டம்பர் கடைசியில் தணிக்கை அறிக்கைக்காக எல்லோரும் அவர் வாசலில் நிற்கும்போது நாங்கள் அங்கே இருக்கக் கூடாது. இலவசம்தானே என்று சொந்த வீட்டு வரிக் கணக்கையும் தூக்கிக்கொண்டு போன ஓர் அறங்காவலரைத் தடுத்து, கட்டணம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள் என்றேன். அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான், பரவாயில்லை. ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் செய்கிறோம். அவர் மறுப்பது அவர் பெருந்தன்மை, ஆனால் கேட்காமல் விடுவது நமக்கு வழக்கமாகிவிடக் கூடாது.

அப்புறம், பக்கத்து ஊர்களில் அறக்கட்டளை தொடங்குகிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பார்கள், "உங்களுக்குச் சும்மா பார்த்துத் தருகிறாராமே, அவர் நம்பர் கொடுங்களேன்" என்று. அவரைக் கேட்காமல் கொடுப்பதில்லை.