கடலா வயிறா என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவுக்குக் கடல்பாசி வளர்க்கும் மிதவை போட மானியம் கிடைக்கும் என்று விண்ணப்பப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் போடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் பவளப்பாறை செத்துப்போகும், வேண்டாம் என்கிறார்கள். உங்களைப் போன்றவர்களிடம் கேட்டால் அந்தப் பக்கமும் நியாயம், இந்தப் பக்கமும் நியாயம் என்று நழுவிவிடுகிறீர்கள். கடலா, வயிறா? நேராகப் பதில் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: நேராகவே சொல்கிறேன் அம்மா. வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் என்றால் போடுங்கள். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா என்றால் போடாதீர்கள், எவ்வளவு மானியம் தந்தாலும் போடாதீர்கள்.

ஆனால் நீங்கள் கேட்ட விதத்தை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கடலா வயிறா என்றால் கடல் யாருக்கோ சொந்தமானது, வயிறு மட்டும்தான் நம்முடையது என்று ஆகிவிடுகிறது. தென்கடலில் ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றித்தான் பாறை. மீன் குஞ்சு பொரித்து வளர்வது அந்தப் பாறை இடுக்கில், சிங்கி இறால் ஒளிந்திருப்பது அங்கே, தானாக விளையும் மரிக்கொழுந்துப் பாசி முளைப்பதும் அந்தப் பக்கம்தான். பாறை போனால் முதலில் காயப்போவது பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போகிற பெண்ணின் வயிறும் நாட்டுப்படகுக்காரர் வயிறும்தான். ஆக, இது ஒரு வயிற்றுக்கும் இன்னொரு வயிற்றுக்கும் நடுவில் உள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால்தான் கேள்வியே சரியாகக் கண்ணில் படும்.

நீங்கள் கட்டப்போகும் பாசி, பெப்சி நிறுவனம் இங்கே வியாபாரமாக வளர்க்கத் தொடங்கியதால் ஊரில் இன்னும் பெப்சி பாசி என்றே சொல்லப்படுவது, நம் கடலில் பிறந்தது இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் நாலு மடங்கு வரை வளரும், ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பொருள் அதிலிருந்து கிடைக்கிறது, அதனால் வாங்க ஆள் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே வேகம்தான் ஆபத்தும். ஒரு துண்டு உடைந்து மிதந்து போனால் அந்தத் துண்டே போய் ஒட்டிக்கொண்டு வளரும். நம் கடலில் அது தானாகப் பரவாது என்று ஆரம்பத்தில் உறுதியாகச் சொன்னவர்கள் உண்டு. அரசு 2005இலேயே பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும்தான் வளர்க்கலாம் என்று ஆணை போட்டது. அப்படி இருந்தும் 2008இல் தென்கடலின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் அது போர்வை மாதிரி படர்ந்து கிடந்ததைக் கண்டார்கள். பவளத்தின் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு செய்துதான் அதற்கு ஊட்டுகிறது. மேலே மூடிவிட்டால் வெயில் இல்லை, கீழே இருப்பது பட்டினியில் சாகும். அப்புறம் ஆள் விட்டுக் கையால் பிடுங்க வேண்டியிருந்தது, பிடுங்கிய இடத்தில் மிஞ்சிய துணுக்கிலிருந்து மறுபடி முளைத்தது.

இங்கேதான் எதையும் நிறுத்துப் பார்க்கும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி வருகிறது. தவறிப்போனால் திரும்பப் பெற முடியுமா? கழுத்துச் செயினை அடகு வைப்பதும் விற்பதும் அன்றைக்குக் கையில் வரும் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் வீட்டுப் பெண்கள் யாரும் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்லை. மிதவை காற்றில் உடைந்தால் நஷ்டம், கண்ணீர், கடன், எல்லாம் உண்மை, ஆனாலும் விதைப்பாசி கிடைத்தால் மறுபடி கட்டலாம். திரண்ட பாறையாக வளரும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். உங்கள் பேத்தி காலத்திலும் அது பழைய நிலைக்கு வராது. கிடைக்கும் லாபம் மிதமானது, போனால் மீளாது, அதே லாபம் வடகடலில் கிடைக்கிறது என்கிறபோது தென்கடலில் கை வைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

(வடகடல் என்றதும் எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முனைக்காடு, தோணித்துறைப் பக்கம் அங்கேயும் பாறை உண்டு. தாழை என்று சொல்லும் கடல்புல் அடர்ந்த இடத்தின் மேல் மிதவையை நிறுத்தினால் நிழல் விழுந்து அது அழியும், கடல்பசு தின்பது அந்தத் தாழையைத்தான்.)

சரி, இப்போது உங்கள் குழுவில் வேண்டாம் என்று சொல்கிற பாதிப் பேரிடம் வருகிறேன். அவர்களும் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கும் விலை உண்டு, அதை யாரோ ஒருவர் கட்டுகிறார், பெரும்பாலும் வேண்டாம் என்று சொன்னவர் கட்டுவதில்லை. 1986இல் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தலைமுறையாகத் தீவுக்குப் போய்ப் பாசி எடுத்த பெண்கள் அடுத்த நாள் எங்கே போவார்கள் என்று அந்தத் தாளில் ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி எடுக்கிற அந்தப் பெண்களே பிறகு கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பாசியும் மிஞ்சியது, பிழைப்பும் மிஞ்சியது. இந்தக் கடற்கரையில் இதைவிடப் பக்குவமான ஒரு முடிவை எந்த அலுவலகமும் எடுத்து நான் பார்த்ததில்லை.

கடலடியில் ஊரும் கடல் அட்டையைப் பிடிப்பதில் அப்படி நடக்கவில்லை. 2001இல் ஒரேயடியாகத் தடை. அட்டை குறைந்துகொண்டே வந்தது நிஜம்தான், ஆனால் அதை நம்பி மூழ்கியவர்களுக்கு மாற்று எதுவும் உருப்படியாகத் தரவில்லை, எதிர்க்கரையில் இலங்கையில் அனுமதியோடு பிடித்து ஏற்றுமதி செய்கிறார்கள், இங்கே அது கடத்தல் பொருளாகிவிட்டது. தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கு அது வேண்டும், அதில் விவாதம் இல்லை. நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது, 2023 ஆகஸ்டில் உங்கள் மண்டபத்து மாநாட்டில்தான் 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். 8,000ஐ 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். ஊருக்கெல்லாம் நன்மை தரும் ஒரு முடிவின் விலையை ஒரு தெருவே கட்டுகிறது என்றால் அந்த முடிவு சரியாக இருக்கலாம், நடத்திய விதம் சரியில்லை.

காகிதத்தில் மாற்று இருந்தால் போதாது என்பதற்கும் இங்கேயே ஆதாரம் இருக்கிறது. 2017இல் கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவைமடி வலையை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம் அறிவித்தார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. மீதியில் 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் கைக்காசு. ராத்திரி போய் மறுநாள் கரை திரும்பிப் பழகியவர், வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்க வேண்டிய தொழிலுக்கு அந்தக் கடனோடு இறங்க வேண்டும். தயங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் உங்கள் விண்ணப்பத்தையும் அந்தக் கண்ணோடு படியுங்கள். மானியம் எவ்வளவு என்பதை எல்லோரும் படித்திருப்பீர்கள். கடல் சூடேறினால் இந்தப் பாசி வெளுத்து அழுகும், 2013, 2014 வாக்கில் அப்படித்தான் பெருமளவில் அழிந்து பல பேர் தொழிலையே விட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வடகடலில் மிதவையைப் பிய்த்துவிடும். அந்த மாதங்களில் தவணை கட்ட வேண்டுமா? விதைப்பாசி மறுபடி யார் தருவார், காசுக்கா சும்மாவா? வாங்குவது ஒரே வியாபாரியா, விலையை யார் சொல்வது? முன்பணம் வாங்கினால் அவருக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் உண்டா? மரிக்கொழுந்து எடுக்கும் 12 நாளை விட்டுவிட்டு முழுதாக மிதவைக்கு மாறாதீர்கள் என்று குழுவில் யாராவது எடுத்துச் சொல்லுங்கள், இரண்டும் இருந்தால் ஒன்று படுத்தாலும் அடுப்பு எரியும். நம் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள், விதைப்பாசிக்கும் விலைக்கும் அங்கே என்ன ஏற்பாடு என்று மீன்வளத் துறை ஆட்கள் வரும்போது கேளுங்கள்.

பாசி செத்தால் கடன் யார் தலையில் என்ற கேள்விக்குப் பதிலை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். அது எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாமல் விண்ணப்பத்தை வீட்டிலேயே வைத்திருங்கள்.