ஸ்பீக்கரில் வரும் எஞ்சின் சத்தம்

கேள்வி: புது கார்களில் பவர் கூடியிருக்கிறது, ஆனால் ஓட்டும்போது பழைய எஞ்சின்களில் இருந்த உயிர் இல்லையே, ஏன் சார்?

பதில்: நீங்கள் சொல்வது சரிதான். பிஎம்டபிள்யூ எம்5-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் விற்பனைக்கு வந்ததில் 5 லிட்டர் வி10, அதாவது பத்து சிலிண்டர் எஞ்சின்; வெளியேறும் புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ கிடையாது. 507 குதிரைத்திறனும் முழுசாகக் கிடைக்க முள் 7,750 ஆர்பிஎம்மை (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுழலும் சுற்றுகள்) தொட வேண்டும். கியரை மாற்றாமல் மிதிக்க மிதிக்க சத்தம் ஏறிக்கொண்டே போகும், அந்த ஏற்றத்தில்தான் சுகமே இருக்கிறது. 2011-ல் அந்த இடத்துக்கு 4.4 லிட்டர் ட்வின் டர்போ வி8 வந்தது. 560 குதிரைத்திறன், அதோடு 1,500 ஆர்பிஎம்மிலேயே 680 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அப்புறம் எதற்கு எஞ்சினை விரட்டுவது? போதாக்குறைக்கு, புகை வெளியேறும் வழியிலேயே டர்போவின் டர்பைன் சக்கரம் உட்கார்ந்திருப்பதால் சத்தமும் அமுங்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட காருக்குள் ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் ஓசையைப் போட்டார்கள்! எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். ஐரோப்பாவின் புகைக் கட்டுப்பாடுகள் நியாயமானவை, வி10 பெட்ரோலைக் குடித்துத் தீர்த்ததும் உண்மை, ஆனால் ஓட்டுகிறவரை ஏமாற்றியிருக்க வேண்டாம்.

அந்த ருசி இன்னும் வேண்டுமென்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5 பாருங்கள்: டர்போ இல்லாத அதன் 2 லிட்டர் எஞ்சினை, 6,800-க்குப் பதில் 7,500 ஆர்பிஎம் வரை சுற்றும்படி 2018-ல் மாற்றினார்கள்.