சாவியை வாங்கிக்கொண்டு

வணக்கம். உதுமானியத் துருக்கியில் வாழ்ந்த கிறிஸ்தவச் சிறுபான்மையினரான ஆர்மேனியர்களுக்கு 1915இல் நேர்ந்தது இனப்படுகொலை என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். அப்போது துருக்கி முதல் உலகப் போரில் இருந்தது. வான் நகரில் ஆர்மேனியர்கள் துப்பாக்கி தூக்கினார்கள், சிலர் ரஷ்யப் படையிலும் சேர்ந்தார்கள். அதனால் அரசு அவர்களை வேறு இடத்துக்கு மாற்றியது, வழியில் பசியிலும் காய்ச்சலிலும் பலர் செத்தார்கள். முஸ்லிம்களும்தான் ஏராளமாகச் செத்தார்கள். இதை இனப்படுகொலை என்றே ஏன் சொல்ல வேண்டும்? எண்ணிக்கையிலேயே ஆளுக்கொரு கணக்கு இருக்கிறதே?
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

ஒரு காலத்தில் நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான், அதனால் கோபமெல்லாம் இல்லை. வானில் சண்டை நடந்தது, ரஷ்யப் படையில் ஆர்மேனியத் தொண்டர் அணிகள் இருந்தன, அதற்கு முன் ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் நடந்த போர்களில் வீடிழந்து ஓடிவந்த முஸ்லிம்கள் பட்ட பாடும் உண்மை. ஆனால் வான் இருப்பது கிழக்குக் கோடியில். புர்சா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள், இஸ்தான்புல்லுக்குப் பக்கத்தில். ரஷ்ய எல்லைக்கும் அதற்கும் ஒரு நாட்டின் நீளம் இருக்கிறது. அங்கிருந்தும் ஆர்மேனியர்களைக் கிளப்பி சிரியா பக்கம் விரட்டினார்கள். அங்காராவிலும் அதே கதை. அங்கே இருந்த ஆர்மேனியர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், கலகம் எதுவும் செய்யாதவர்கள்.

எனக்குச் சந்தேகம் தீர்ந்தது சொத்து விவகாரத்தைப் படித்தபோதுதான். 1915 மே 27இல் வந்த இடமாற்றச் சட்டத்தில் ஆர்மேனியர் என்ற சொல்லே கிடையாது. சந்தேகத்துக்குரியவர்களை ராணுவம் வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்று பொதுவாக இருக்கும், நீங்கள் சொல்வதைப் போலவே. ஆனால் அடுத்த மாதமே அவர்கள் விட்டுச்சென்ற வீடு, கடை, நிலம் பற்றி விதிமுறைகள் வருகின்றன, செப்டம்பரில் சட்டமே வருகிறது. சொத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கைவிடப்பட்டவை'. அதைக் கணக்கெடுத்து விற்கக் கமிஷன்கள். வீடுகளில் பால்கன் அகதிகளைக் குடிவைத்தார்கள், நல்ல சொத்தாகப் பார்த்து உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் வளைத்துக்கொண்டார்கள். போர் முடிந்து திரும்பிவரப் போகிறவன் வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டால் அது பாதுகாப்பு நடவடிக்கை, வேறொருவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. அப்போதே உதுமானிய நாடாளுமன்றத்தின் மேலவையில் அகமத் ரிசா கேட்டார். அன்று ஆட்சியில் இருந்த இளம் துருக்கியர் இயக்கத்தையே வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் அவர், ஆர்மேனியர்களின் ஆள் கிடையாது. இவர்கள் தாங்களாகச் சொத்தைக் கைவிடவில்லை, பலவந்தமாகத் துரத்தப்பட்டார்கள், இதைக் கைவிடப்பட்ட சொத்து என்பதே சட்டவிரோதம் என்றார். சட்டம் நின்றதென்னவோ நின்றது.

அப்புறம் ஜெலால் பே. சிரியாவில் உள்ள அலெப்போவின் ஆளுநராக இருந்தவர். ஆரம்பத்தில் அவரும் உங்களைப் போலத்தான் நினைத்தார், இது தற்காலிக ஏற்பாடு என்று நம்பினார். வருகிற ஜனங்களுக்குத் தங்க இடம் கட்ட வேண்டுமே என்று தலைநகருக்கு எழுதிப் பணம் கேட்டார். பணம் வரவில்லை. மக்களை மேற்கொண்டு கிளப்பி அனுப்ப ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். ஜெலால் எதிர்ப்புத் தெரிவித்ததும் கோன்யாவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் முடிந்தவரை இழுத்தடித்துப் பலரைக் காப்பாற்றினார், சில மாதங்களில் பதவியே போனது. போர் முடிந்தபின் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவர் தன்னை ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவனாகச் சொல்கிறார்: ஆற்றில் ரத்தம் ஓடுகிறது, குழந்தைகளும் பெண்களும் கிழவர்களும் அடித்துக்கொண்டு போகிறார்கள், வெறுங்கையால் எட்டிப் பிடிக்க முடிந்தவர்களை மட்டும் இழுத்துக் கரையேற்றினேன் என்கிறார். பசியும் காய்ச்சலும் என்று நீங்கள் எழுதியதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. தங்க இடமும் சாப்பாடும் தராமல் சிரியாவின் தெய்ர் எஸ்-சோர் பாலைவனத்துக்கு நடக்கவைத்தால் பசி வராமல் என்ன செய்யும்? அங்கேயும் பிழைத்துக் கிடந்தவர்களை 1916இல் கூட்டம் கூட்டமாக வெட்டிக் கொன்றார்கள். பசி எப்படித் திணிக்கப்பட்டது என்பதை அலெப்போவிலிருந்து பெர்லினுக்கு எழுதிக்கொண்டே இருந்தவர் அங்கிருந்த ஜெர்மன் துணைத்தூதர் ரோஸ்லர், அதாவது துருக்கியின் கூட்டாளி நாட்டுக்காரர்.

முஸ்லிம்களும் செத்தார்கள், சரி. போரிலும் பஞ்சத்திலும் ரஷ்யப் படையிடமும், சில இடங்களில் ஆர்மேனியர்களின் பழிவாங்கலிலும். அந்தச் சாவும் சாவுதான். ஆனால் அவர்களை ஊரோடு காலிசெய்ய அவர்கள் அரசே உத்தரவு போடவில்லை.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 6 லட்சத்திலிருந்து 15 லட்சம்வரை சொல்கிறார்கள், ஏறக்குறைய 10 லட்சம் என்பவர்களும் உண்டு. போருக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே தகராறு என்பதால் இது சீக்கிரம் தீராது. இன்னொரு சிக்கலும் உண்டு. நடைப் பயணத்தின்போது தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு முஸ்லிம் வீடுகளில் வேறு பெயரோடு வளர்ந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். துருக்கி வழக்கறிஞர் ஃபெத்தியே செட்டினுக்கு, செஹெர் என்று தான் அறிந்திருந்த பாட்டியின் உண்மைப் பெயர் ஹெரானுஷ் என்பது, தான் வளர்ந்து பெரியவளான பிறகு பாட்டியே சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பாட்டியின் பெற்றோர் அதற்குள் அமெரிக்காவில் வேறொரு வாழ்க்கை வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

அன்புடன்